உங்களுக்குத் தெரியுமா? செகண்ட் ஷிப்ட்டும் வெள்ளிக்கிழமைப் பாட்டும்

தூர்தர்ஷனின் ஞாயிற்றுக்கிழமைப் படத்தைப் பற்றியும் ராமாயணத் தொடரைப் பற்றியும் எழுதாதவர் கிடையாது. தெரு வெறிச்சோடிய கதையைப் போதும் போதும் என்கிற அளவுக்குக் கேட்டாயிற்று. இங்கே திங்கள் முதல் வெள்ளி வரை மட்டும். அதுவும் வட சென்னையில், பேசின் பிரிட்ஜில் தொடங்கி ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை.

★

சென்னை தொலைக்காட்சி நிலையம் தொடங்கிய 1975 ஆகஸ்ட் 15, ஒரு வெள்ளிக்கிழமை. டில்லியில் 1959 செப்டம்பர் 15-லேயே சோதனை ஒளிபரப்பு ஆரம்பித்துவிட்டது. பம்பாய்க்கு 1972-ல் வந்தது. கல்கத்தா நம்மை ஆறே நாளில் முந்திக்கொண்டது. பின்னாளில் ஊரே வெள்ளிக்கிழமைக்காகக் காத்துக்கிடக்கப் போகிறது என்று திறப்புவிழாத் தேதி குறித்தவர்களுக்குத் தெரிந்திருக்காது.

★

நிலையம் இருப்பது சுவாமி சிவானந்தா சாலையில். பேசின் பிரிட்ஜிலிருந்து நேர்க்கோட்டில் அளந்தால் சுமார் நான்கு கிலோமீட்டர். அதனால் வட சென்னை மாடிகளில் இருந்த ஆன்டெனாக்கள் எல்லாமே தெற்குப் பார்த்து நின்றன. ஊருக்குப் புதிதாக வந்தவர் திசை தெரிந்துகொள்ளக் கடலையோ கோயிலையோ தேட வேண்டாம், மொட்டை மாடியைப் பார்த்தால் போதும். அந்த ஆன்டெனாவின் வடிவத்தை 1920-களில் ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் உருவாக்கியவர்கள் ஷின்டாரோ உடாவும் ஹிடெட்சுகு யாகியும். மாடியில் ஒருவர் கம்பியைத் திருப்ப, ஜன்னலோரம் ஒருவர், உள்ளே பெட்டி முன்னால் ஒருவர். “இப்போ தெர்தா?” “தெர்ல.” “இப்போ?” “ஆங், அப்டியே உடு.” கையை எடுத்ததும் மறுபடி போய்விடும். கம்பியைப் பிடித்திருந்த ஆளின் உடம்பும் சிக்னலுக்கு ஒரு கம்பிதான். அவர் விலகியதும் அலை மாறிவிடும்.

★

சில வீடுகளில் திரையில் ஒரு முகத்துக்கு வலப்பக்கம் அதே முகம் மங்கலாக இன்னொரு முறை தெரியும். நிலையத்திலிருந்து நேராக வரும் அலை ஒன்று, புகைபோக்கியிலோ எண்ணெய்த் தொட்டியிலோ பட்டுத் தெறித்துச் சற்றுத் தாமதமாக வரும் அலை இன்னொன்று. இரும்பும் உயரமும் நிறைந்த இந்தப் பகுதியில் இதற்குப் பஞ்சமே இல்லை. கணக்குப் போட்டே பார்க்கலாம். தெறித்து வந்த அலை 300 மீட்டர் கூடுதலாகப் பயணப்பட்டால் ஒரு மைக்ரோ செகண்ட் தாமதம். 20 அங்குலத் திரையில் ஒரு கோடு இடமிருந்து வலம் போக ஆகும் நேரம் 52 மைக்ரோ செகண்ட். ஆகவே இரண்டாவது முகம் ஏறக்குறைய முக்கால் சென்டிமீட்டர் தள்ளி விழும். ஸ்கேல் வைத்து அளந்தால், கோளாறு செய்யும் புகைபோக்கி எவ்வளவு சுற்றுவழியில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அளந்தவர் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. எல்லாரும் பெட்டியைத்தான் திட்டினார்கள்.

★

தண்டவாள ஓரத்து வீடுகளில் மின்சார ரயில் கடக்கும்போது படத்தில் புள்ளி புள்ளியாகக் கொட்டும், பேச்சு மட்டும் தெளிவாகவே கேட்கும். ஏன் தெரியுமா? ரயிலின் கூரைக்கம்பி மேல்கம்பியில் உரசும் இடத்தில் தெறிக்கும் பொறி, ரேடியோ அலையையும் கிளப்பிவிடும். படம் அலையின் உயரத்தை மாற்றி அனுப்பப்பட்டது, அதனால் பொறி அதில் கலந்துவிடும். ஒலி அனுப்பப்பட்டதோ பண்பலை முறையில். உயரம் கூடினாலும் குறைந்தாலும் அதற்குக் கவலையில்லை. சென்ட்ரலிலிருந்து வடக்கேயும் மேற்கேயும் போகும் வண்டிகளெல்லாம் பேசின் பிரிட்ஜைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பதால், இங்கே செய்தி பார்ப்பதில் பாதி செய்தி கேட்பதாகவே இருந்தது.

★

தொழிற்சாலை ஷிப்ட் பொதுவாக மூன்று: காலை ஆறு முதல் இரண்டு, இரண்டு முதல் இரவு பத்து, பத்து முதல் மறுநாள் காலை ஆறு. தொலைக்காட்சிக்கு ஒரே ஷிப்ட்தான், அதுவும் மாலையில். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஃபர்ஸ்ட் ஷிப்ட்காரர் எல்லாம் பார்த்தார். நைட் ஷிப்ட்காரர் சாப்பிட்டபடியே பாதி பார்த்துவிட்டு டிபன் பாக்ஸோடு கிளம்பினார். செகண்ட் ஷிப்ட்காரருக்குத் திங்கள் முதல் வெள்ளிவரை ஒன்றுமே கிடையாது. ஷிப்ட் வாரம் ஒன்றாகச் சுழன்றால் மூன்று வெள்ளிக்கு ஒரு வெள்ளி போயிற்று. பின்னி மில், துறைமுகம், விம்கோ தீப்பெட்டி, என்ஃபீல்டு, அசோக் லேலண்ட் என்று வீட்டுக்கு வீடு ஒருவர் ஷிப்ட்டில் இருந்த ஊரில் இது சின்ன விஷயமல்ல. ‘ஊரே பார்த்தது’ என்று எழுதும்போது, பார்க்காத அந்த மூன்றில் ஒரு பங்கை நாம் எண்ணுவதே இல்லை.

ரயில் ஓட்டுகிறவர்களின் கதை இன்னும் மோசம். அவர்களுக்கு ஷிப்ட் என்றே ஒன்று கிடையாது. டூட்டிச் செய்தியோடு கால் பாய் வீட்டுக்கே வருவார். நாடகத்தில் கொலைகாரன் யார் என்று தெரியப்போகிற நேரத்தில் வாசலில் சைக்கிள் மணி அடித்தால், அது நிச்சயம் அவர்தான். முடிவை மனைவி சொல்லித்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். அவர் சொன்ன முடிவு பல சமயம் நாடகத்தைவிட நன்றாகவே இருந்திருக்கும்.

★

‘ஒளியும் ஒலியும்’ வெள்ளிக்கிழமை மாலை ஏழரை மணி வாக்கில் அரை மணி நேரம். அரை மணியில் ஐந்தாறு பாட்டு. அவ்வளவுதான், அதற்குத்தான் அத்தனை ஆர்ப்பாட்டம். இன்றைக்குக் காலை பல் தேய்த்து முடிப்பதற்குள் ஃபோனில் அதைவிட அதிகப் பாட்டு ஓடிவிடுகிறது. டி.வி. இருந்த வீட்டில் அன்றைக்குச் செருப்புகள் வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிடும். முன்வரிசையில் பிள்ளைகள், பின்னால் பெண்கள், ஜன்னல் கம்பியில் இளவட்டங்கள். நாலணா வாங்கிக்கொண்டு உள்ளே விட்ட வீடுகளும் உண்டு. சரியாக அந்த நேரத்தில் பெட்டியில் படம் மறைந்து ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று அட்டை விழுந்தால், சிவானந்தா சாலையில் இருந்தவர்களுக்குக் கேட்காது என்று தெரிந்தும் உள்ளூர் மொழியில் அர்ச்சனை நடக்கும். அச்சில் ஏற்ற முடியாத மொழி.

★

பாட்டு விழாத வெள்ளிகளும் உண்டு. தேசத் தலைவர்கள் மறைந்தால் திரைப்பாடலை நிறுத்திவிட்டுச் சோகமாக வாத்திய இசை போடுவது தூர்தர்ஷன் வழக்கம். எம்.ஜி.ஆர். மறைந்தது 1987 டிசம்பர் 24, வியாழக்கிழமை. மறுநாள் வெள்ளிக்கிழமை மெரினாவில் அடக்கம். ஒளியும் ஒலியும் எங்கே என்று அன்றைக்கு வட சென்னையில் யாரும் கேட்கவில்லை.

★

அந்தக் காலப் பெட்டிகளில் சானல் மாற்றும் குமிழைத் திருப்பினால் 12 வரை எண் இருக்கும். சென்னையில் இரண்டாவது சானல் வந்தது 1987-ல்தான். அதாவது பன்னிரண்டு வருஷம் குமிழின் மற்ற எண்களெல்லாம் பிள்ளைகள் டொக் டொக்கென்று திருப்பி விளையாடுவதற்கும், “உடைச்சிடாதேடா” என்று அப்பா அடிப்பதற்கும் மட்டுமே பயன்பட்டன. கடற்காற்றில் அந்தக் குமிழுக்குள்ளே இருக்கும் தொடுமுனைகள் களிம்பேறிவிடும். பெட்டியின் பக்கவாட்டில் ஓங்கி ஒரு அடி கொடுத்தால் படம் வந்தது மந்திரத்தால் அல்ல. களிம்பேறிய முனைகள் அந்த அதிர்ச்சியில் ஒன்றையொன்று சரியாகத் தொட்டுக்கொள்ளும். உள்ளே ஈயப் பற்றுவைப்பு விட்டுப்போயிருந்தாலும் அதே வைத்தியம்தான்.

★

சாலிடேர், டயனோரா இரண்டும் சென்னைத் தயாரிப்புகள். மரப்பெட்டி, இழுத்து மூடும் கதவு, பூட்டு. பரீட்சை மாதத்தில் சாவி அம்மாவின் முந்தானை முடிச்சுக்குப் போய்விடும். வண்ண ஒளிபரப்பு 1982-ல் வந்த பிறகும் கறுப்பு வெள்ளையே வைத்திருந்தவர்கள் திரைக்கு முன்னால் கலர் பிளாஸ்டிக் தாள் ஒன்றை மாட்டிக்கொண்டார்கள். மேலே நீலம், நடுவில் ஒரு நிறம், கீழே பச்சை. வானமும் புல்லும் இருக்கிற காட்சிக்கு அது பொருத்தமாகத்தான் இருந்தது. செய்தி வாசித்தவர்தான் பாவம். நெற்றி நீலமாகவும் கழுத்து பச்சையாகவும் இருந்தது.

வானொலி, தொலைக்காட்சி இரண்டுக்கும் அப்போது தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்ட வேண்டும். 1980-களின் நடுவில்தான் அது ஒழிந்தது.

★

‘வயலும் வாழ்வும்’ விவசாயிகளுக்கான நிகழ்ச்சி. ஆனால் ஆரம்ப வருஷங்களில் சென்னை நிலையத்தின் அலை எட்டிய வட்டத்தில் பெட்டி வாங்க வசதி இருந்தவர்கள் பெரும்பாலும் பட்டணத்துக்காரர்கள். அடுத்த நிகழ்ச்சிக்காகக் காத்திருந்த நேரத்தில் புகையான் பூச்சி, குலை நோய், ஐ.ஆர். 20, மேலுரம் எல்லாம் காதில் விழுந்து மனப்பாடமாகிவிட்டன. வாழ்நாளில் நாற்றங்காலையே பார்த்திராத துறைமுகத் தொழிலாளி ஏக்கருக்கு யூரியா எவ்வளவு என்று சொல்லுவார். நம்பலாம், சரியாகவும் இருக்கும்.

★

செவ்வாய்க்கிழமை நாடகம். மேடை நாடகக்காரர்களுக்குச் சபா தாண்டி ஒரு வாசல் திறந்தது அப்படித்தான். ஒரே செட், ஒரு சோபா, ஒரு தொலைபேசி, அடிக்கடி வாசல் மணி. சபாவுக்கு டிக்கெட் எடுத்து மயிலாப்பூர் போயிராத வட சென்னைக் குடும்பங்கள் அந்த நாடகக்காரர்களின் முகத்தை முதன்முதலாகப் பார்த்தது தங்கள் வீட்டுக் கூடத்தில்.

★

எட்டரை மணிக்கு மேல் டில்லியின் இந்தி நிகழ்ச்சிகள் வந்துவிடும், தமிழ் வீடுகளில் பெட்டி அணைந்துவிடும் என்பது பொதுவான கணக்கு. யானைக்கவுனிப் பாலத்தைத் தாண்டினால் அந்தக் கணக்கு செல்லாது. சௌகார்பேட்டையில் பெட்டி உயிர்பெறுவதே அப்போதுதான். புதன்கிழமை வரும் இந்திப் பாட்டு நிகழ்ச்சி ‘சித்ரஹார்’தான் அங்கே இந்தி தெரிந்த வீடுகளின் வெள்ளிக்கிழமை. 1984 ஜூலை 7-ல் தொடங்கிய ‘ஹம் லோக்’, இந்தியாவின் முதல் நெடுந்தொடர். அதன் மூலயோசனை மெக்சிகோவிலிருந்து வந்தது. அங்கே மிகேல் சபிதோ குடும்பக்கட்டுப்பாடு, எழுத்தறிவு இவற்றையெல்லாம் தொடர்கதைக்குள் வைத்துச் சொல்லி வெற்றி கண்டிருந்தார். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் வந்து நாலு வார்த்தை பேசுவார். சௌகார்பேட்டையில் அது புரிந்தது. பாலத்துக்கு இந்தப் பக்கம், ‘தாத்தா ஏதோ நல்லது சொல்றார்’ என்ற அளவில் புரிந்தது.

வெள்ளிக்கிழமை இரவே இன்னொரு கூட்டமும் விழித்திருந்தது. 1988-ல் பிரணாய் ராய் தொடங்கிய ‘தி வேர்ல்ட் திஸ் வீக்’ ஆங்கிலத்தில் வரும். பெரம்பூர், வேப்பேரிப் பக்கத்து ஆங்கிலோ இந்திய ரயில்வே வீடுகளில் அதற்கென்று உட்கார்ந்தவர்கள் உண்டு. பெர்லின் சுவர் விழுந்ததை அங்கேதான் பார்த்தார்கள்.

★

‘மால்குடி டேஸ்’ பார்த்தவர்கள் மால்குடி எங்கேயோ கர்நாடகத்தில் இருக்கிறது என்று நினைத்தார்கள். படம் பிடித்தது அங்கேதான், ஷிமோகா மாவட்டத்து ஆகும்பேயில். இயக்கியவர் சங்கர் நாக். இசை நம்மூர் எல். வைத்தியநாதன். ஆனால் எழுதிய ஆர்.கே. நாராயண் 1906-ல் பிறந்தது சென்னையில். பாட்டி வீட்டில் வளர்ந்தது புரசைவாக்கத்தில். பேசின் பிரிட்ஜ் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரம். லுத்தரன் மிஷன் பள்ளியில் படித்த அந்தப் பையனின் சாயல் மால்குடிச் சிறுவன் சுவாமியிடம் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

★

வேலைநாளில் தொழிற்சாலையையும் அலுவலகத்தையும் சேர்த்துக் கெடுத்த நிகழ்ச்சி எது? கிரிக்கெட் டெஸ்ட் மேட்ச். உச்சம் 1986 செப்டம்பர் 22, திங்கட்கிழமை. சேப்பாக்கத்தில் இந்தியா, ஆஸ்திரேலியா டெஸ்டின் ஐந்தாம் நாள். இந்தியாவுக்கு இலக்கு 348. கவாஸ்கர் 90. ரன் சமமாகி, கடைசி ஓவரில் ஒரே ஒரு பந்து மிச்சமிருக்க, கிரெக் மேத்யூஸ் பந்தில் மணீந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. 347-க்கு ஆல் அவுட், ஆட்டம் டை. டெஸ்ட் வரலாற்றிலேயே அது இரண்டாவது டை. முதலாவது 1960-ல் பிரிஸ்பேனில். சேப்பாக்கத்திலிருந்து தூர்தர்ஷன் நிலையம் கூப்பிடு தூரம் என்பதால் இந்த ஒரு ஒளிபரப்பு மட்டும் வீட்டுக்குள்ளேயே நடந்த கல்யாணம். மணீந்தர் சிங் மட்டையில் பட்டதா இல்லையா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை.

★

வெளியூரையும் ஒரு எட்டுப் பார்த்துவிடலாம். ஐஸ்லாந்தில் ஒரு காலத்தில் வியாழக்கிழமை தொலைக்காட்சியே கிடையாது. 1966-ல் தொடங்கி 1987 வரை வாரத்தில் ஒருநாள் நிலையத்துக்கே லீவு. ஜனங்கள் வெளியே போய் நாலு பேரைப் பார்க்கட்டும் என்று விட்டார்கள். பிரிட்டனில் 1957 வரை மாலை ஆறிலிருந்து ஏழு வரை திரை காலி. பிள்ளைகளைத் தூங்கவைக்க அம்மாக்களுக்கு அரசாங்கம் தந்த அவகாசம் அது.

பாக் ஜலசந்தியோரம் வேறு கதை. இலங்கையின் ரூபவாஹினி 1982 பிப்ரவரி 15-ல் தொடங்கியது. சென்னை நிலையம் எட்டாத தென்கடலோர ஊர்களில் உயரமான கம்பத்தில் ஆன்டெனா கட்டி அதைத்தான் பார்த்தார்கள். நம் அரசாங்கத்துக்கு லைசென்ஸ் கட்டிவிட்டு அடுத்த நாட்டு டி.வி. பார்த்த குடிமக்கள்.

★

மயிலாப்பூரில் செய்தி பார்த்தவருக்கும் தி.நகரில் நாடகம் பார்த்தவருக்கும் கரண்ட் எங்கிருந்து போனது? எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல் தொடங்கி 1975-ல் ஐந்தாவது அலகோடு 450 மெகாவாட்டை எட்டியது. ஐந்தாவது அலகு வந்த வருஷமும் தொலைக்காட்சி வந்த வருஷமும் ஒன்றே. அதன் சாம்பல் எண்ணூரில் விழுந்தது, வெளிச்சம் ஊர் முழுக்கப் போனது. 2017 மார்ச்சில் அதை மூடினார்கள். பேசின் பிரிட்ஜில் பழைய அனல்மின் நிலையம் போன பிறகு, 1996-ல் 120 மெகாவாட் வாயுச் சுழலி நிலையம் வந்தது. எரிபொருள் நாப்தா, செலவு அதிகம். ஆகவே தேவை உச்சத்துக்குப் போகும் நேரத்துக்கென்றே வைத்திருந்த நிலையம் அது. மாலை ஆறிலிருந்து பத்து வரைதான் உச்சம். அது என்ன நேரம் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த உறவை மற்ற நாடுகளும் அறியும். 1990 ஜூலை 4, உலகக் கோப்பைக் கால்பந்து அரையிறுதி முடிந்ததும் பிரிட்டனில் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து டீ போடக் கெட்டிலைத் தட்ட, மின்தேவை 2,800 மெகாவாட் எகிறியது. நம்மூரில் டீயை வெளியே கடையில் குடித்ததால் மின்வாரியம் தப்பித்தது.

★

சன் டி.வி. பிறந்தது 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு. முதலில் ஒரு நாளைக்குச் சில மணி நேரம் மட்டும். அதற்கு முன் தூர்தர்ஷனில் தமிழ்த் தொடர் என்றால் பெரும்பாலும் வாரம் ஒருநாள், பதின்மூன்று வாரம். பாலசந்தரின் ‘ரயில் சிநேகம்’ போன்றவை அந்தக் காலம். தொண்ணூறுகளில் வந்த ‘ஜூனூன்’ இந்தித் தொடரின் உதட்டசைவுக்கு ஏற்பத் தமிழை வளைத்ததில், வினைச்சொல் முன்னால் ஓடி எழுவாய் பின்னால் திணறியது. ‘ஜூனூன் தமிழ்’ என்று தெருவே அதைப் பேசிச் சிரித்தது.

தினத்தொடர் என்பது 1999 டிசம்பரில் தொடங்கிய ராதிகாவின் ‘சித்தி’யோடு வீட்டுப் பழக்கமானது. பிறகு ‘மெட்டி ஒலி’, ‘கோலங்கள்’. தேவயானியின் ‘கோலங்கள்’ 2003-லிருந்து 2009 வரை 1,500 பகுதிகளைத் தாண்டி ஓடியது. இங்கே ஒரு விசித்திரம் கவனித்தீர்களா? பின்னி மில் 1996-ல் மூடிவிட்டது. ஷிப்ட் இருந்த காலத்தில் அரை மணிப் பாட்டுக்காக ஏங்கிய மனிதருக்கு, ஷிப்ட் போன பிறகு காலையிலிருந்து இரவு வரை டி.வி. கிடைத்தது. செட்டில்மெண்ட் பணத்தில் கலர் டி.வி. வாங்கியவர்கள் உண்டு. பின்னே? வீட்டிலேயே இருக்க வேண்டும் என்றாகிவிட்டது.

★

நாட்டிலேயே முதன்முதலில் கட்டணச் சானலுக்கு செட்-டாப் பெட்டி கட்டாயம் என்று வந்த நகரம் சென்னை. 2003 செப்டம்பர் 1, திங்கட்கிழமை. 2006-லிருந்து தமிழக அரசு இலவசமாகவே கலர் டி.வி. கொடுத்தது. ஒன்றரைக் கோடிக்கு மேல். ஒரே குடும்பத்தில் மூன்று ரேஷன் கார்டு, மூன்று டி.வி., மூன்று சீரியல் என்ற நிலை வந்தது. சண்டை நின்றதா என்றால், ரிமோட் சண்டை மட்டும் நின்றது.

★

கடைசியாகப் பிள்ளைகள் விரும்பிப் பார்த்த ஒரே செய்தி. நவம்பர், டிசம்பர் மழையில் வானிலை ஆய்வு மையத்து ரமணன் திரையில் வந்தால் வீடு அமைதியாகிவிடும். அவர் பேசுவதற்குத் தகவல் தந்ததில் துறைமுகத்துக்கும் பங்குண்டு. 2002 முதல் இயங்கிய டாப்ளர் ரேடார் இருந்தது சென்னைத் துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டிடத்து உச்சியில். செய்தியில் ‘புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது’ என்பார்கள். கூண்டுகள் மொத்தம் பதினொன்று. ஒன்று என்றால் தூரத்தில் எங்கோ புயல். பத்து என்றால் தலைக்கு மேல் பெரும் அபாயம். பதினொன்று இன்னும் மோசம். எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

பிள்ளைகளுக்குக் கூண்டு முக்கியமில்லை. விடுமுறை விடுவது கலெக்டர், மாவட்டவாரியாக. தண்டையார்பேட்டை சென்னை மாவட்டம். அடுத்த ஸ்டாப் போல ஒட்டிக்கிடக்கும் திருவொற்றியூரும் எண்ணூரும் அப்போது திருவள்ளூர் மாவட்டம். ‘சென்னை மாவட்டப் பள்ளிகளுக்கு விடுமுறை’ என்று மட்டும் ஓடினால், ஒரே மழையில் ஒரு பையன் போர்வைக்குள், இன்னொரு பையன் முழங்கால் தண்ணீரில் பையைத் தலையில் வைத்துக்கொண்டு. 2018 ஜனவரியில் சென்னை மாவட்ட எல்லையை விரித்துத் திருவொற்றியூரைச் சேர்த்தார்கள். ரமணன் அதற்கு இரண்டு வருஷம் முன்பே ஓய்வு பெற்றுவிட்டார்.